இடது கன்னத்தில் கறுப்பு மச்சம்

புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர் ஜெயசீலன். மிஷின் ஓட்டும் ஆட்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அது மராத்தியில் இருக்கிறது, குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் எழுத முடியாது. வரைபடத்தில் உள்ள அளவுக்கும் கையில் உள்ள பொருளுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரம் தள்ளிவிடுவேன். “சாஹேப், இதைப் போட்டாலும் வண்டி ஓடும் சாஹேப்” என்று கெஞ்சுவார்கள். ஓடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தில் அப்படி இல்லையே.

இப்படிப்பட்ட மனிதன் வீட்டில் வளர்கிற நாய்தான் ராசு. சந்தன நிறத்து லாப்ரடார். எங்கள் மகள் வைஷு கல்லூரியில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் துணிமணி, ஹேர் டிரையர், சுவரில் ஒட்டியிருந்த படங்கள் வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, நாயையும் பெற்றவர்களையும் மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நாய்க்கு அந்த வருத்தம் ஒரு வாரம் இருந்தது. எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு ஏற்பாடு. தினமும் காலையில் ராசுவைப் படம் எடுத்து வைஷுவுக்கு அனுப்ப வேண்டும். நான் போனைத் தூக்கினால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து எதிரில் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, வாயைத் திறந்து சிரிப்பான். எங்கள் குடும்பத்தில் போட்டோவுக்கு ஒழுங்காக முகம் காட்டத் தெரிந்த ஒரே ஆள். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அவனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. என் மனைவி மல்லிகாவுக்கு அது அடங்காத சிரிப்பாக இருந்தது.

“ஏனுங்க, நம்ம ரெண்டு பேருத்துக்கு எடுத்ததே எங்கெ வெச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. இதுல நாய்க்கு வேறயா?”

“சிரிக்காத அம்மிணி. நாளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்காரன் தீட்டிப்போடுவான். கம்பெனியே நேரா கட்டிரும். நாம கைய ஆட்டிக்கிட்டு வந்தரலாம்.”

“கைய ஆட்டிக்கிட்டுத்தான் வருவீங்க. பாக்கத்தான போறேன்.”

நாயின் படம் மூன்று அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை ராசுவைக் குளிப்பாட்டி, துவட்டி, பால்கனி வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தான். உள்ளே போன மல்லிகா, மை டப்பாவோடு வந்தாள். அவனுடைய இடது கன்னத்தில் விரல் நுனியால் வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

“ஊரு பேரு தெரியாத எவனெவனோ பாப்பான். பையன் வேற பளபளன்னு இருக்கறான். கண்ணு பட்டுரும்.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

பாலிசி வந்தது. நான் இன்ஸ்பெக்டர் அல்லவா, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தேன். இனம் சரி, வயது சரி, நிறம் சரி. ‘அடையாளம்’ என்ற இடத்தில், ‘இடது கன்னத்தில் கறுப்பு மச்சம்’ என்று இருந்தது.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மல்லிகாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே பெருமை. “பாத்தீங்களா, என்ற பொட்டுக்குக் கம்பெனிக்காரனே மரியாத குடுத்திருக்கறான்!” வைஷுவுக்கு அனுப்பினோம். கேன்டீனில் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் போத்தனூர்க்காரன் முகமது ரஃபீக், டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “மாத்தச் சொல்லலையா?” என்று கேட்டான். “இருக்கட்டும் விடுப்பா, நல்லாத்தான இருக்குது” என்றேன்.

அளவில் இல்லாத ஒன்றை, தெரிந்தே, கண் முன்னால் வைத்துக்கொண்டு, நான் பாஸ் செய்தது அது ஒன்றைத்தான்.

ஜூலை மாதம். புனேயில் மழை ஆரம்பித்தால் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். குடையைப் பிடித்துக்கொண்டு குன்றுக்குப் போய், நனைந்துகொண்டே மக்காச்சோளம் தின்பார்கள். இருபது வருஷத்தில் அந்தப் பைத்தியம் எனக்கும் ஒட்டிவிட்டது. ராசுவோடு துர்கா தேக்டி என்ற குன்றுப் பக்கம் போய்விட்டு, கீழே தள்ளுவண்டியில் ஒரு புட்டா வாங்கினேன்; மக்காச்சோளக் கதிருக்கு இங்கே அதுதான் பெயர். கரியில் வாட்டி, எலுமிச்சையில் மிளகாய்ப் பொடி தொட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். தின்று முடித்து, சோளக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடினேன். சுத்தமான குடிமகன். தேடிக்கொண்டிருந்த கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. ராசு கட்டையை வாங்கி, இரண்டு கடி கடித்து, விழுங்கிவிட்டான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. லாப்ரடார் எதைத்தான் விழுங்கவில்லை? வைஷுவின் சாக்ஸ் எத்தனையோ அந்த வழியாகப் போய் வந்திருக்கின்றன.

மறுநாள் வாந்தி. அதற்கும் மறுநாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வயிற்றைத் தொட்டால் முனகினான். கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கானிட்கர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். குடலுக்குள் கட்டை குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

“புட்டாதானே?” என்றார். “மழைக்காலத்தில் எனக்கு இதுதான் வேலை.”

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

“ஆபரேஷன்தான்” என்றார் டாக்டர். “இன்றைக்கே திறந்துவிடலாம். இல்லை, டிரிப் ஏற்றி ஒரு ராத்திரி பார்க்கலாம், சில சமயம் நகர்ந்து போகும். என் நாயாக இருந்தால் நான் இன்றைக்கே திறப்பேன்.”

ஆபரேஷன் என்ற பிறகு அவர் சொன்னதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. என் காதில் நடுவில் இருந்தது மட்டும் விழுந்தது. காரணம், கம்பெனியின் விதி: ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கத்தி வைத்த பிறகு கேட்டால் கிடையாது. நான் அனுமதி கேட்டு, அங்கேயே எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று மல்லிகாவிடம் சொன்னேன். உண்மையில் அரை மணி நேரத்துக்குள்ளேயே வந்தது. ‘படத்தில் உள்ள நாய், காப்பீடு செய்யப்பட்ட நாய் அல்ல. அடையாளம் பொருந்தவில்லை.’

ரிஜெக்ட்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரைபடத்தில் மச்சம் இருக்கிறது, பொருளில் மச்சம் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் சிவப்புப் பெயின்ட்தான் அடித்திருப்பேன். ஏதோ சகோதரக் கம்பெனியைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு மரியாதைகூட வந்தது.

“என்னுங்க சொல்றான்?” என்றாள் மல்லிகா.

சொன்னேன்.

“என்ற பொட்டா?” தன் விரல் நுனியைப் பார்த்தாள். பிறகு, “போனாப் போகுது விடுங்க. டாக்டரை ஆபரேசன் பண்ணச் சொல்லுங்க. பணத்த நாம கட்டிக்கலாம். நம்மகிட்ட இல்லாமயா போச்சு?” என்றாள்.

இல்லாமல் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. பணம் இருந்தது. ஆனால் நான் அவளிடம் கையை ஆட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தேன். கேன்டீனில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தேன். பாலிசியில் என் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

“ஒரு போன் போட்டுட்டு வந்தர்றேன் அம்மிணி.”

“அவனுக்கு வலிக்குதுங்க.”

“டிரிப்பு ஏறிட்டுத்தான இருக்குது? சித்த பொறு.”

போனில் கிடைத்த பெண்ணின் பெயர் ஸ்நேஹல். மராத்திப் பெண். என் இந்தியில் நான் விளக்கினேன். அது மச்சம் இல்லை, மை, கண் படாமல் இருக்க என் மனைவி வைத்தது, குளிப்பாட்டினால் போய்விடும்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. “தீட்டா சார்? திருஷ்டிப் பொட்டுக்கு மராத்தியில் அதுதான் பெயர். நானும் என் பிள்ளைக்கு வைப்பேன். இன்றைக்குக் காலையில்கூட வைத்துவிட்டுத்தான் வந்தேன்.”

“அப்படியென்றால் உங்களுக்குப் புரிகிறது.”

“எனக்குப் புரிகிறது சார். சிஸ்டத்துக்குப் புரியாது. அடையாளத்தைத் திருத்த வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும், டாக்டர் சான்றிதழ் வேண்டும், மேலே போய் வர நாளாகும்.”

“நாய்க்கு அவ்வளவு நாள் இல்லையம்மா.”

அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போல் சொன்னாள்: “சார், இந்த அழைப்பு பதிவாகிக்கொண்டிருக்கிறது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் வெளிச்சம் போதவில்லை. அடையாளம் நன்றாகத் தெரிகிற மாதிரி, மூன்று பக்கமும், புதிதாகப் படம் எடுத்து அனுப்புங்கள். பையன் சீக்கிரம் குணமாகட்டும்.”

நல்ல பெண். அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். நான் அதற்குள் போனதுதான் தப்பு.

மல்லிகாவை வீட்டுக்கு அனுப்பி மை டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். ஆட்டோவில் போய்த் திரும்பி வந்தாள். டப்பாவை நீட்டினாள், ஆனால் திறக்கவில்லை.

“நீயே வெச்சுரு. உன்ற கை பழக்கமான கை.”

“நான் வெக்கமாட்டனுங்க. கண்ணு படக்கூடாதுன்னு வெக்கறது அது. கம்பெனிக்காரன் கண்ணுல படோணும்னா வெப்பாங்க?”

அவள் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே வரிசையாகக் கூண்டுகள். ராசு ஒரு ரப்பர் விரிப்பில் படுத்திருந்தான். முன்னங்காலில் ஊசி. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் அடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் மை தொட்டு, கன்னத்தில் வைத்தேன். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது; மை கரைந்து கன்னமெல்லாம் பரவிவிட்டது. பஞ்சால் துடைத்தேன். மறுபடி வைத்தேன். பழைய படத்தை போனில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கீழே இருந்தது. துடைத்தேன். அடுத்தது பெரிதாகிவிட்டது. துடைத்தேன். வேறு யாராவது இருந்தால் போதும் என்று விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. இவ்வளவு காலம் கற்ற வித்தை முழுவதையும் அந்தக் கன்னத்தில் இறக்கினேன்.

பொட்டு சரியாக அமைந்ததும் போனைத் தூக்கினேன்.

ராசு எழுந்து உட்கார முயன்றான். அதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த வலியிலும் போனைப் பார்த்ததும் முன்னங்காலை ஊன்றி, பாதி எழுந்து, தலையை இடப்பக்கம் சாய்த்தான். முடியவில்லை. சரிந்துவிட்டான். சரிந்த வேகத்தில் கன்னம் விரிப்பில் பட்டு மை கலைந்தது.

மறுபடி வைத்தேன். இந்தத் தடவை தாடையைப் பிடித்துத் தூக்கினேன். இடப்பக்கம் திருப்பினேன், எடுத்தேன். வலப்பக்கம் திருப்பினேன். அவன் முனகினான். முன்பக்கம் எடுக்க அவனை நிமிர்த்த வேண்டியிருந்தது. என் முழங்கால் அவன் வயிற்றில் அழுந்தியது எனக்குத் தெரியவில்லை. படம் ஆடாமல் வருகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உறுமினான். வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் உறுமியதே இல்லை.

“சும்மா இருடா!” என்று மூக்கின் மேல் தட்டினேன்.

தட்டினேன் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்துக் கூண்டுப் பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகு ராசு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நான் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பினான். மூன்று படங்களும் மிக நன்றாக வந்தன.

அனுமதி மறுநாள் காலையில் வந்தது. வந்த கையோடு ஆபரேஷன். வெளியே வந்த டாக்டர் கானிட்கர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “பிழைத்துக்கொள்வான். கட்டையை எடுத்துவிட்டேன். ஆனால் குடல் ஒரு நீளத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது.”

“நேத்தே பண்ணியிருந்தா?” என்று மல்லிகா இந்தியில் கேட்டாள். அவளுடைய இந்தி காய்கறிக்கடை இந்தி. நீட்டி முழக்கத் தெரியாது.

டாக்டர் கையுறையைத் தொட்டியில் போட்டார். “பிழைத்துக்கொள்வான், தாயீ” என்றார் மறுபடியும்.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஊசி, மருந்து, படுக்கை, கத்தி, நூல் எல்லாவற்றையும் அவர்களே கட்டினார்கள். நான் சொன்னபடியே கையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கையை ஆட்ட முடியவில்லை, நாயைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் இன்னும் மை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மல்லிகா வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இப்போது ராசு குழைத்த சோறும் வேகவைத்த பூசணிக்காயும்தான் சாப்பிடுகிறான். குன்றுப் பக்கம் போவதில்லை. எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கேட் வரை போய்த் திரும்புகிறோம். புட்டா வண்டி மணம் வந்தால் அவன் மூக்கைத் தூக்குகிறான், நான் சாலையின் மறுபக்கம் போகிறேன்.

இதெல்லாம் பழகிவிடும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பின் ஒரு காலையில் வைஷு போனில், தன் புனேத் தமிழில், கேட்டாள். “அப்பா, ராசு எப்பிடி இருக்கு? ஃபோட்டோ அனுப்புங்க நா.” சோபாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். போனைத் தூக்கினேன்.

அவன் எழுந்தான். பின்னங்கால்களுக்கு நடுவே வாலைச் சொருகிக்கொண்டு, மெதுவாக, சுவரோரமாகவே நடந்து, சமையலறைக்குள் போய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். உடம்பு முழுவதும் வெளியில் தெரிந்தது.

தற்செயல் என்று நினைத்தேன். மறுநாளும் அதே. போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிஸ்கட் காட்டிப் பார்த்தேன். மல்லிகா போனை எடுத்தால் ஒன்றும் இல்லை. நான் எடுத்தால் சிலிண்டர். வைஷுவுக்கு நான் அனுப்பும் படங்களில் இப்போது முதுகு இருக்கிறது, வால் இருக்கிறது, பாதிக் காது இருக்கிறது.

“அரே அப்பா, முகம் எங்க? எல்லாம் பின்னாடியே எடுக்கறீங்க?”

“அவனுக்குக் கொஞ்சம் வெக்கமாயிருச்சு கண்ணு.”

“ராசுக்கு வெக்கமா? ஜோக் அடிக்காதீங்க.”

ஜோக்தான் அடித்தேன். வேறு என்ன அடிக்கத் தெரியும் எனக்கு?

கேன்டீனில் ரஃபீக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. “கிளெய்ம் முழுசா வந்துருச்சாமே? கெட்டிக்காரன்யா நீ. எப்படி வாங்குனே? எனக்கும் சொல்லிக் குடு.”

“போட்டோ நல்லா எடுக்கோணும்” என்றேன். அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். நான் டீயைக் குடித்தேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து செய்தி. பாலிசி முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். புதிய படங்கள் தேவை. முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே தூறல். மல்லிகா ராசுவைக் குளிப்பாட்டியிருந்தாள். பால்கனி வெளிச்சத்தில் படுத்திருந்தான். இளைத்திருந்தாலும் மாப்பிள்ளைக் களை போகவில்லை. நான் கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுவதற்கு முன்னங்காலை ஊன்றினான்.

“நான் வேணும்னா எடுக்கட்டுங்களா?” என்றாள் மல்லிகா. “எனக்கு நிப்பான்.”

“வேண்டாம் அம்மிணி. விட்டுரலாம்.”

“இன்சூரன்ஸு?”

“அதையுந்தான்.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “போனை வெச்சுப்போட்டு வாங்க” என்றாள்.

வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியில் போனை வைத்துக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து பால்கனி வாசலில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். ராசு சிலிண்டருக்குப் போகும் வழியில் நின்றான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு வந்து என் வலது கையை முகர்ந்தான். இடது கையை முகர்ந்தான். மூக்கால் புறங்கையைத் தள்ளித் திருப்பி அடிப்பக்கத்தையும் முகர்ந்தான். சட்டைப் பையைப் பார்த்தான். அவசரமே இல்லை; ஒரு இடமும் விடவில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு ஆள் எனக்கு உதவிக்குக் கிடைத்ததில்லை.

பாஸா, ரிஜெக்டா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கை எட்டுவதற்குக் கொஞ்சம் அப்பால், ஈரத் தரையில், முகத்தை மழைப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டான்.